லினக்ஸ் கட்டளைகளுக்குத் தனிப் பயிற்சி வகுப்பு தேவையா?

மதிப்பிற்குரிய ஐயா,

பி.சி.ஏ. இரண்டாம் ஆண்டு படிக்கும் தங்கள் மகள், பயிற்சிப் பணிக்கான நேர்முகத் தேர்வில் சி, பைத்தான் கேள்விகளுக்கெல்லாம் சரியாக விடை சொல்லிவிட்டு, கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரமான டெர்மினலைத் திறந்து, நிரலின் நடப்புகள் பதிவாகும் ஒரு லாக் கோப்பில் பிழை பதிவான வரிகளை மட்டும் எடுத்துக் காட்டும்படி கேட்டபோது திகைத்து நின்றதாகவும், அதற்காக, விண்டோஸைப் போன்ற இயங்குதளமான லினக்ஸுக்கான மூன்று மாத வகுப்பில் பணம் கட்டிச் சேர்க்கலாமா என்றும் எழுதியிருந்தீர்கள். இப்போதைக்குக் கட்ட வேண்டாம் என்பதே என் கருத்து. அன்றாட வேலைக்கு வேண்டிய கட்டளைகள் ஏறத்தாழ இருபத்தைந்துதான். அவற்றை வகுப்பில் உட்கார்ந்து குறிப்பெடுப்பதைவிட, தம் சொந்தக் கோப்புகளின் மீது நாள்தோறும் பயன்படுத்திப் பழகியவர்களுக்கே அவை மறக்காமல் நிற்கின்றன.

அந்தக் கேள்வியை ஏன் கேட்டார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நிறுவனங்களின் சர்வர்களில் பெரும்பாலானவை லினக்ஸில் இயங்குபவை. அவற்றுக்குத் திரையோ மவுஸோ இருப்பதில்லை. பொறியாளர் தம் மேசையிலிருந்தே தொலைவிலுள்ள கணினியோடு பாதுகாப்பாக இணைக்கும் 'எஸ்எஸ்எச்' வழியாக உள்ளே நுழைந்து கட்டளைகளால்தான் வேலை செய்கிறார். உலகின் முதல் 500 சூப்பர் கணினிகளின் பட்டியலில் 2017 நவம்பர் முதல் அத்தனையும் லினக்ஸ்தான். கட்டளைப் பெயர்கள் ஈரெழுத்தும் மூவெழுத்துமாக இருப்பது பல மாணவர்களை மிரட்டுகிறது. லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸ் 1969-இல் பெல் ஆய்வகத்தில் தொடங்கப்பட்டபோது, தட்டச்சுப் பொறி போன்ற டெலிடைப்பில்தான் கட்டளைகளை அடித்தார்கள். அதில் எழுத்து குறைந்தால் உழைப்பும் குறையும். 'எல்எஸ்' என்பது லிஸ்ட், 'சிபி' என்பது காப்பி, 'எம்வி' என்பது மூவ் என்று விரித்துப் பார்த்தால் பாதி அச்சம் விலகிவிடும்.

தொடங்க வேண்டிய இடம் 'பிடபிள்யூடி', 'எல்எஸ்', 'சிடி' ஆகிய மூன்று. நான் எந்த அடைவில் (ஃபோல்டரில்) நிற்கிறேன், இங்கே என்னென்ன இருக்கின்றன, வேறிடத்துக்கு எப்படிப் போவது என்பவற்றுக்கு இவை விடை தருகின்றன. எளிய செய்திதானே என்று மாணவர்கள் இதைக் கடந்து போய்விடுகிறார்கள். ஆனால் 'அப்படியொரு கோப்போ அடைவோ இல்லை' என்று கணினி சொல்லும்போதெல்லாம், பெரும்பாலும் கோப்பு இருக்கிறது, அவர்கள்தாம் தவறான அடைவில் நிற்கிறார்கள். லினக்ஸில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வெவ்வேறு என்பதும், கோப்புப் பெயருக்கு நடுவே இடைவெளி விட்டால் அதை இரண்டு பெயர்களாகக் கட்டளை எடுத்துக்கொள்ளும் என்பதும் அடுத்த இரண்டு சறுக்கல்கள். பெயரின் முதல் இரண்டு எழுத்துகளை அடித்து 'டேப்' விசையை அழுத்தினால் மீதியைக் கணினியே நிரப்பிவிடும். பலமுறை அழுத்தியும் நிரப்பவில்லை, பட்டியலும் காட்டவில்லை என்றால், அந்தப் பெயரில் அங்கே எதுவும் இல்லை என்று அப்போதே தெரிந்துவிடும்.

அழிக்கும் கட்டளையான 'ஆர்எம்' விஷயத்தில் மட்டும் கண்டிப்பு வேண்டும். இங்கே குப்பைத் தொட்டி கிடையாது, போனது போனதுதான். எந்தப் பெயரோடும் பொருந்தும் நட்சத்திரக் குறி போட்டு மொத்தமாக அழிப்பதற்கு முன், அதே குறியோடு 'எல்எஸ்' கொடுத்து எவையெவை சிக்குகின்றன என்று பார்த்துவிட்டு, பிறகு கட்டளையை மாற்றும் பழக்கத்தை முதல் வாரத்திலேயே ஏற்படுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். 'சிபி'யும் 'எம்வி'யும்கூட, சேருமிடத்தில் அதே பெயரில் கோப்பு இருந்தால் கேட்காமலே அதன் மேல் எழுதிவிடும். சிறுகோட்டோடு 'ஐ' சேர்த்தால் மூன்று கட்டளைகளுமே ஒருமுறை கேட்டுவிட்டுத்தான் செய்யும்.

தங்கள் மகள் தடுமாறிய இடத்துக்கு வருகிறேன். அவரிடம் எதிர்பார்த்த விடை 'கிரெப்' என்ற ஒரே கட்டளை: அதை அடித்து, தேடும் சொல்லையும் கோப்பின் பெயரையும் அடுத்தடுத்துக் கொடுத்தால் அந்தச் சொல் வரும் வரிகள் மட்டும் திரையில் வந்து நிற்கும். நீண்ட கோப்பைப் பக்கம் பக்கமாகப் படிக்க 'லெஸ்', கடைசி வரிகளை மட்டும் பார்க்க 'டெயில்' உள்ளன. 'டெயில்' கட்டளையோடு சிறுகோடு 'எஃப்' சேர்த்தால் புதிதாக விழும் வரிகள் உடனுக்குடன் தெரியும். இவற்றின் உண்மையான வலிமை, ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்த கட்டளைக்கு உள்ளீடாகத் தரும் பைப் என்ற செங்குத்துக் கோட்டில் இருக்கிறது. பெல் ஆய்வகத்தின் டக் மெக்கில்ராய் முன்வைத்த இந்த எண்ணம் 1973-இல் யூனிக்ஸில் சேர்ந்தது. வகுப்புத் தோழிகளின் பட்டியல், காற்புள்ளியால் பிரித்த மூன்று பத்திகளாக (நெடுவரிசைகளாக) இருக்கிறது, மூன்றாவது பத்தி மாவட்டம் என்று வைத்துக்கொள்வோம். 'கட்' கட்டளையால் அந்தப் பத்தியை மட்டும் வெட்டி, 'சார்ட்' மூலம் வரிசைப்படுத்தி, சிறுகோடு 'சி'யோடு 'யுனிக்' கட்டளைக்கு அனுப்பினால், எந்த மாவட்டத்திலிருந்து எத்தனை பேர் என்ற கணக்கு ஒரே வரியில் கிடைத்துவிடும். நடுவில் ஏன் வரிசைப்படுத்த வேண்டும் என்று நேர்முகத் தேர்வில் மடக்கிக் கேட்பார்கள்: 'யுனிக்' அடுத்தடுத்து வரும் ஒரே மாதிரியான வரிகளை மட்டும்தான் ஒன்றாக எண்ணும்.

அனுமதிகளைப் பொறுத்தவரை, படிக்க 4, எழுத 2, இயக்க 1 என்ற கூட்டல் புரிந்தால் போதும். 'சிஎச்மாட்' கட்டளையில் 755 என்றால் உரிமையாளருக்கு மூன்றும், மற்றவர்களுக்குப் படிக்கவும் இயக்கவும் மட்டும் என்று பொருள். ஏதாவது இயங்க மறுத்தவுடன் எல்லோருக்கும் எல்லா அனுமதியும் தரும் 777 போடுவதும், எதற்கெடுத்தாலும் நிர்வாகி அதிகாரத்தில் இயக்கும் 'சுடோ'வை முன்னால் சேர்ப்பதும் இணையத்திலிருந்து தொற்றும் பழக்கங்கள். தேர்வாளர் முன் இவற்றைச் செய்தால் மதிப்பு குறையும். அதே காரணத்தால், செயற்கை நுண்ணறிவுச் செயலி எழுதித் தரும் கட்டளையை, ஒவ்வொரு சொல்லும் என்ன செய்கிறது என்று தெரியாமல் ஒட்டவே கூடாது. தெரிந்துகொள்ள, கட்டளைகளின் கையேட்டைக் காட்டும் 'மேன்' இருக்கிறது; அதிலிருந்து வெளியே வர 'க்யூ' விசை என்பது தெரியாமல் சாளரத்தையே மூடிவிடும் மாணவர்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன்.

இதற்கெல்லாம் புதிய மடிக்கணினி வேண்டியதில்லை. விண்டோஸ் 11 உள்ள கணினியில் விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை இயக்கும் டபிள்யூஎஸ்எல் என்ற வசதியை நிறுவினால், லினக்ஸின் ஒரு வகையான உபுண்டு உள்ளேயே வந்துவிடும். செலவு இணையத் தரவு மட்டுமே. நாளுக்கு அரை மணி நேரமாக ஆறு வாரம் பழகட்டும். பிற்பாடு அவர் சிஸ்டம் நிர்வாகப் பணியையே விரும்பினால், லினக்ஸ் மென்பொருள் நிறுவனமான ரெட்ஹேட்டின் ஆர்எச்சிஎஸ்ஏ சான்றிதழைப் பற்றி யோசிக்கலாம். அந்தத் தேர்வில் கொள்குறி வினா கிடையாது, இயங்கும் கணினியில் வேலையைச் செய்தே காட்ட வேண்டும் என்பதால் அதற்கு மதிப்பு உண்டு.

வீட்டுக் கணினியில் இடமே இல்லை என்றும் கடிதத்தின் ஓரத்தில் குறைபட்டிருந்தீர்கள். டபிள்யூஎஸ்எல்லில் விண்டோஸின் சி டிரைவ், 'எம்என்டி' அடைவுக்குள் 'சி' என்ற பெயரில் தெரியும். ஆறு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, எந்த அடைவு எத்தனை ஜிபி அடைத்துக்கொண்டிருக்கிறது என்று 'டியூ' கட்டளையால் கண்டுபிடித்து, பெரியது மேலே வரும்படி வரிசைப்படுத்திக் காட்டச் சொல்லுங்கள். அவர் உங்களுக்கு அதை விளக்கிக் காட்டிவிட்டால் வகுப்புக் கட்டணம் உங்களிடமே இருக்கட்டும். எந்த வரியில் நின்றுவிட்டார் என்பதை மட்டும் எனக்கு எழுதுங்கள், அங்கிருந்து பார்ப்போம்.