கேமரா கேள்வி-பதில்: இரண்டு மில்லிமீட்டரில் போன மதிப்பு

கேள்வி: அப்பா போய் ஓராண்டு ஆகிறது. அவருடைய கேனான் ஏ.இ-1 கேமராவும் 28, 50, 135 மி.மீ. லென்ஸ்களும் தோல் பையில் பத்திரமாக இருக்கின்றன. பல மாதச் சம்பளத்தைச் சேர்த்து வாங்கியவை. விற்கலாம் என்று விசாரித்தால், பைக்கு உள்ள விலைகூடத் தேறாது என்கிறார்கள். அப்பா ஏமாந்துவிட்டாரா ஐயா?

பதில்: இல்லை அம்மா. உங்கள் அப்பா விவரம் தெரிந்துதான் வாங்கியிருக்கிறார். ஏ.இ-1 வெளிவந்தது 1976இல். மைக்ரோபிராசஸர் பொருத்திய முதல் எஸ்.எல்.ஆர் கேமரா (உள்ளே மடங்கி எழும் கண்ணாடியால் லென்ஸ் வழியாகவே காட்சியைப் பார்த்து எடுக்கும் வகை) அதுதான். பழுது பார்க்கும் மேஜையில் அதன் மேல்மூடியைக் கழற்றும்போதெல்லாம், அந்தக் காலத்தில் இவ்வளவையும் இதற்குள் எப்படி அடக்கினார்கள் என்று எனக்கு வியப்பாகவே இருக்கும்.

மதிப்பு விழுந்ததற்கு டிஜிட்டல்தான் காரணம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். உங்கள் லென்ஸ்களுக்கு முதல் அடி விழுந்தது அதற்கும் முன்னால், 1987இல். அந்த ஆண்டு கேனான், அப்பாவின் லென்ஸ்கள் மாட்டும் எஃப்.டி மவுண்டைக் (லென்ஸைக் கேமராவோடு இணைக்கும் வளையம்) கைவிட்டு, ஆட்டோஃபோகஸுக்காக ஈ.எஃப் என்ற புது மவுண்டுக்கு மாறியது. எஃப்.டி லென்ஸின் மவுண்ட், ஃபிலிமிலிருந்து 42 மில்லிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும். ஈ.எஃப் கேமராவில் அந்த இடைவெளி 44. லென்ஸை அதற்கு மேல் உள்ளே கொண்டுபோக வழியில்லை. அந்த 2 மில்லிமீட்டரால், கிட்டத்தில் இருப்பது மட்டுமே தெளிவாக விழும். தூரத்து மலையோ தெருக்கோடியோ விழாது. நடுவில் ஒரு லென்ஸ் கண்ணாடி வைத்த அடாப்டர்கள் வந்தன. அவை படத்தின் கூர்மையைக் கெடுத்தன. 2000களில் டிஜிட்டல் எஸ்.எல்.ஆர் பரவியபோது, நிகான்காரர்களும் பென்டாக்ஸ்காரர்களும் தங்கள் பழைய லென்ஸ்களில் பெரும்பாலானவற்றைப் புது பாடியில் மாட்டிக்கொண்டார்கள். நிகான் 1959இல் தொடங்கிய எஃப் மவுண்டை அப்போதும் விடவில்லை. எஃப்.டி வைத்திருந்தவர்கள்தான் கையில் நல்ல கண்ணாடியோடு வெளியே நின்றார்கள்.

உங்களிடம் விலை சொன்னவர் அந்தக் காலத்துக் கணக்கையே இன்னும் வைத்திருக்கிறார். மிரர்லெஸ் கேமராக்கள் வந்தபின் நிலைமை மாறிவிட்டது. அவற்றில் மடங்கி எழும் கண்ணாடி இல்லை என்பதால் மவுண்ட், சென்சாருக்கு மிக அருகில் வந்துவிட்டது: சோனி ஈ மவுண்டில் 18 மில்லிமீட்டர், கேனான் ஆர்.எஃப்பில் 20, நிகான் இசட்டில் 16. மிச்சமுள்ள இடைவெளியை ஒரு வெற்று உலோக வளையத்தால் நிரப்பினால் போதும். அப்பாவின் லென்ஸ் தூரத்து மலையைக் கூர்மையாகப் பிடிக்கும். ஃபோகஸையும் அபர்ச்சரையும் கையால் திருப்ப வேண்டும், அவ்வளவுதான். முழு ஃப்ரேம் சென்சாரில், அதாவது 35 மி.மீ. ஃபிலிம் படத்தின் அளவே உள்ள சென்சாரில், 50 மி.மீ. லென்ஸ் அப்பா பார்த்த அதே அகலத்தையே காட்டும்.

ஆகவே மொத்தமாகத் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். முதல் வேலையாக லென்ஸ்களைத் தோல் பையிலிருந்து வெளியே எடுங்கள். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்; பூஞ்சைக்கு அதைவிடத் தோதான இடம் இல்லை. லென்ஸின் ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கமிருந்து சாய்வாகப் பாருங்கள். நூல் நூலாகக் கிளை விட்டிருந்தால் அது பூஞ்சை. தொடக்கத்தில் என்றால் கழற்றித் துடைத்துவிடலாம். கண்ணாடியின் பூச்சை அரித்திருந்தால் தழும்பு போகாது. கேமரா ஷட்டரை அழுத்தும்போது கீச்சென்று சத்தம் வந்தால் பயப்பட வேண்டாம்; உள்ளே மடங்கி எழும் கண்ணாடியை இயக்கும் பல்சக்கரத்தில் எண்ணெய் வற்றிவிட்டது, இந்த மாடலில் அடிக்கடி வரும் குறை, சரிசெய்யக்கூடியது. பின்மூடி ஓரத்தில் உள்ள நுரைப்பட்டை பிசுபிசுத்திருந்தால் அதையும் மாற்றிவிடலாம். 6 வோல்ட் பேட்டரி இன்றும் கிடைக்கிறது. லென்ஸைத் தனியாக, பாடியைத் தனியாக விலை கேளுங்கள். என்னைக் கேட்டால், அந்த 50 மி.மீ. லென்ஸை விற்கவே வேண்டாம்.

கேள்வி: ஸ்டுடியோவை மூடிப் பல வருடம் ஆகிறது. என்லார்ஜர், டிரே, டைமர் எல்லாம் அப்படியே கிடக்கின்றன. எடைக்குத்தான் கேட்கிறார்கள். போட்டுவிடவா?

பதில்: நண்பரே, இதைப் படித்ததும் மனம் கனத்துப்போனது. நெகட்டிவைப் பெரிதாக்கித் தாளில் பதிக்கும் என்லார்ஜருக்குப் பழைய விலை இனி வராது. இன்று ஃபிலிமில் எடுக்கும் இளைஞர்களில் பெரும்பாலோர் ரோலைக் கழுவக் கொடுத்து, ஸ்கேன் செய்து வாங்கிக்கொள்கிறார்கள். இருட்டறையில் நின்று தாளில் பிரிண்ட் போடுபவர்கள் குறைவு. புகைப்படம் கற்றுத்தரும் கல்லூரி எதிலாவது இருட்டறை இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இருந்தால் அங்கே கொடுப்பதே மேல்.

எதுவானாலும், முதலில் என்லார்ஜரின் லென்ஸைக் கழற்றி எடுத்து வையுங்கள். தட்டையான நெகட்டிவை மூலைவரை ஒரே கூர்மையில் காட்டுவதற்கென்றே செய்த கண்ணாடி அது. அவற்றில் பெரும்பாலானவை 39 மி.மீ. திருகு கொண்டவை. பெல்லோஸ் (நீட்டிச் சுருக்கும் மடிப்புக் குழாய்) ஒன்றைச் சேர்த்து டிஜிட்டல் கேமராவில் மாட்டினால், பூச்சியின் கண்ணைக்கூட நெருங்கி எடுக்கலாம். நெகட்டிவைப் படம் பிடித்து டிஜிட்டலாக்கவும் அது அருமையான லென்ஸ். ஸ்டுடியோ நெகட்டிவ்களை வைத்திருப்பீர்கள் அல்லவா? அவற்றைத் தயவுசெய்து எடையில் சேர்த்துவிடாதீர்கள். எத்தனையோ குடும்பங்களின் திருமணமும் குழந்தை முகமும் அவற்றில் மட்டும்தான் இருக்கும். டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால், ஃபிலிமின் அடித்தாளான அசிடேட் சிதையத் தொடங்கிவிட்டது. அந்தக் கட்டைத் தனியே பிரித்து வைத்து, அதையே முதலில் படி எடுங்கள்.

கேள்வி: என் மகள் ஒலிம்பஸ் மியூ-2 வேண்டும் என்கிறாள். பெரிய ஃபிலிம் கேமராக்களே மலிவாகக் கிடைக்கும்போது இந்தச் சின்ன பிளாஸ்டிக் கேமராவுக்கு ஏன் இவ்வளவு விலை?

பதில்: 1997இல் வந்த மாடல். சட்டைப்பையில் அடங்கும், 35 மி.மீ. லென்ஸ் உண்மையிலேயே நன்றாக இருக்கும். ஆனால் உள்ளே முழுக்க மின்னணு. சர்க்யூட் போய்விட்டால் மாற்றுப் பாகம் கிடையாது. இன்னொரு செத்த கேமராவிலிருந்துதான் எடுக்க வேண்டும். அந்த விலைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். 1976 முதல் 1997 வரை தயாரான பென்டாக்ஸ் கே1000 ஒன்றைத் தேடுங்கள். அதற்கு பேட்டரி தேவைப்படுவது லைட் மீட்டருக்கு மட்டும்தான். மீட்டர் நின்றுபோனாலும் ஷட்டர் எல்லா வேகத்திலும் ஓடும். மகளும் ஒளியை அளக்கக் கற்றுக்கொள்வாள்.

கேள்வி: பழைய ஃபிளாஷை டிஜிட்டல் கேமராவில் மாட்டலாமா?

பதில்: அளந்து பார்க்காமல் மாட்டவே கூடாது. விவிட்டார் 283 போன்ற ஃபிளாஷ்களின் தொடக்ககால உருப்படிகள் கேமராவைத் தொடும் டிரிகர் முனையில் 200 வோல்ட்டுக்கு மேல் தள்ளும். கேமராவின் சர்க்யூட் எரிந்துவிடலாம். ஃபிளாஷை ஆன் செய்து சார்ஜ் ஏறியதும், அடியில் உள்ள நடுப்புள்ளிக்கும் பக்கவாட்டு உலோகத்துக்கும் இடையே மல்ட்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். கேமரா எவ்வளவு தாங்கும் என்பது மாடலுக்கு மாடல் மாறும். கையேட்டில் பார்த்த பிறகே மாட்டுங்கள். ஃபிளாஷை மட்டும் நீங்களாகத் திறக்காதீர்கள். கெப்பாசிட்டரில் தங்கியிருக்கும் மின்சாரம் ஆபத்தானது.

கேள்வி: பீரோவில் கழுவாத கோடாக்ரோம் ரோல் ஒன்று கிடைத்தது. படம் வருமா?

பதில்: வண்ணத்தில் வராது. 1935இல் அறிமுகமான கோடாக்ரோமின் தயாரிப்பு 2009இல் நின்றது. அதைக் கழுவிவந்த கடைசி லேபும் 2010 இறுதியில் அந்த வேலையை நிறுத்திவிட்டது. மற்ற வண்ண ஃபிலிம்களில் நிறம் உண்டாக்கும் பொருள் உள்ளேயே இருக்கும்; இதில் அது கழுவும்போதுதான் சேரும். அதற்கான ரசாயனம் இன்று எங்கும் விற்பனையில் இல்லை. கருப்பு-வெள்ளையில் உருவம் கிடைக்க வாய்ப்பு உண்டு. ரோல் உறையில் கே-14 (கோடாக்ரோமைக் கழுவும் முறையின் பெயர்) என்று இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். சி-41 என்று இருந்தால் அது சாதாரண வண்ண நெகட்டிவ், இன்றும் கழுவித் தருகிறார்கள். கே-14 என்றால், பழைய ஃபிலிமைக் கையால் கழுவிப் பழகிய லேபாகப் பார்த்து, ‘கருப்பு-வெள்ளையில் மட்டும்’ என்று எழுதிக் கொடுங்கள்.