ஓடிக்கொண்டிருக்கும்போதே கார் இழுவை இழந்தால் எங்கிருந்து பார்ப்பது?

கிளிநொச்சியில் இருந்து வரும்போது, ஆனையிறவு தாண்டியதும் உங்கள் வாகன் ஆர் திடீரென்று இழுக்கவில்லை, எவ்வளவு மிதித்தாலும் 40க்கு மேல் ஏறவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் எஞ்சின் லைட்டைப் பாருங்கள். விட்டுவிட்டு மின்னினால் பெரும்பாலும் ஒரு சிலிண்டருக்குள் பெற்றோல் சரியாக எரியவில்லை. உங்களுடையது 3 சிலிண்டர் எஞ்சின். ஒன்று படுத்தால் மூன்றில் ஒரு பங்கு பலம் போய்விடும். சிக்னலில் நிற்கும்போதே ஸ்டியரிங் கைக்குள் நடுங்கும். தயவுசெய்து அப்படியே யாழ்ப்பாணம் வரை ஓட்டி வராதீர்கள். எரியாத பெற்றோல் புகைக்குழாய்க்குள் போய் எரிந்து, புகையைச் சுத்தப்படுத்தும் கற்றலிற்றிக் கன்வேற்றரையும் கெடுத்துவிடும்.

கராஜில் ஸ்கேனர் போட்டால் பி0301 போல ஒரு பழுதுக் கோட் வரும். கடைசி எண்தான் சிலிண்டர். உடனே புதுக் கொயில் (பிளக்கில் பொறி வர மின்சாரம் கொடுப்பது) வாங்க வேண்டாம். முதலாவதின் கொயிலை இரண்டாவதில் மாற்றிப் போட்டு ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கோட் பி0302 ஆக மாறினால் கொயில்தான் பழுது. மாறாவிட்டால் பிளக், பெற்றோலைப் பீச்சும் இன்ஜெக்டர் என்று போகலாம்.

நடுக்கமே இல்லாமல், மிதிக்கும்போது மட்டும் மூச்சு முட்டினால் பெற்றோல் பம்பின் அழுத்தத்தை அளக்க வேண்டும். எஞ்சின் இரைந்தும் வேகம் ஏறாவிட்டால் அது கியர்பொக்ஸ் பக்கம்.

பலர் முதலில் எயார் பில்டரை மாற்றுவார்கள். புழுதி அடைத்தால் பலம் மெல்ல மெல்லத்தான் குறையும், இப்படி ஒரே நிமிடத்தில் போகாது.