கேள்வி – பதில்: கார்பெட்டில் குட்டிக்கரணம் போடும் பக்கி

கேள்வி: என்னிடம் 1/10 அளவு டூ-வீல் டிரைவ் (இரண்டு சக்கரம் மட்டும் இழுக்கும்) ரிமோட் பக்கி கார் இருக்கிறது. ஊருக்கு வெளியே செம்மண்ணில் அருமையாக ஓடியது. இப்போது உள்ளரங்கில், கார்பெட் விரித்த தடத்தில் முள் டயர் (சிறு ரப்பர் முட்கள் நீட்டியது) போட்டு ஓட்டுகிறேன். வேகமாகத் திருப்பினாலே கவிழ்கிறது. ஷாக் ஸ்பிரிங்கை இறுக்கியும் பயனில்லை.
– அல்சூர் வாசகர், பெங்களூரு

பதில்: செம்மண்ணில் டயர் வழுக்கும். அந்த வழுக்கல்தான் வண்டியைக் கவிழாமல் காப்பாற்றி வந்தது. கார்பெட்டில் முள் இழைக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்கிறது. சக்கரம் நழுவாததால் மேல் எடை வெளிப்பக்கம் சாய்ந்து வண்டி புரளுகிறது. அதனால் வண்டியைத் தாழ்த்த வேண்டும், முன்சக்கரப் பிடிப்பைக் கொஞ்சம் குறைக்க வேண்டும். ஸ்பிரிங்கைத் தாங்கும் வளையமான காலரை இறுக்கினால் ஸ்பிரிங் கடினமாகாது, வண்டிதான் உயரும். நீங்கள் செய்தது நேர் எதிர்.

முதலில் உயரம். பேட்டரியை வைத்து, வண்டியை ஒரு சாண் உயரத்திலிருந்து சமதரையில் விடுங்கள். அது உட்கார்ந்த நிலையில் சேஸிஸின் (வண்டியின் அடித்தட்டு) அடிக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். மண்ணுக்கு 22 மி.மீ. வைத்திருந்தால் கார்பெட்டுக்கு 17 போதும். 15-க்கும் கீழே போகாதீர்கள். தாவி இறங்கும்போது சேஸிஸ் தரையில் அடிக்கும்.

அடுத்தது டிரூப். பலரும் விட்டுவிடுவது இதைத்தான். வண்டியைத் தூக்கும்போது சக்கரம் கீழே தொங்கும் அளவு அது. அதிகம் தொங்கினால் திருப்பத்தில் உள்பக்கம் எழும்பிச் சாய்வு கூடும். ஷாக்குக்குள் பிஸ்டனுக்கு அடியில் 1 மி.மீ. ஸ்பேசர் வளையம் போடுங்கள், போதவில்லை என்றால் இன்னொன்று. இடது வலது சமமாக இருக்க வேண்டும். ஷாக்கைத் திறந்த கையோடு சிலிக்கான் எண்ணெயையும் மாற்றிவிடலாம்: முன்னால் 35 வெயிட் (எண்ணெயின் கெட்டித்தன்மை), பின்னால் 30. பிஸ்டனை மெதுவாக மேலும் கீழும் நகர்த்தி, குமிழி அடங்கிய பிறகே மூடுங்கள். காற்று தங்கினால் நான்கு ஷாக்கும் நான்கு விதமாக வேலை செய்யும்.

இன்னமும் கவிழ்ந்தால் ஃபெவிக்விக். முன் டயரின் வெளிச்சுவரில், முள் வரிசை தொடங்கும் இடம்வரை மெல்லிய ஒரே பூச்சு. சாயும்போது தரையைத் தொடும் அந்தச் சுவர் இப்போது பிடிக்காமல் வழுக்கும். வண்டி புரளாமல் வெளியே நழுவும். முள்ளில் படக் கூடாது. ஜன்னலைத் திறந்து வைத்துப் பூசி, இரவு முழுக்கக் காயவிடுங்கள்.

முன் கேம்பர் (சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாயும் அளவு) மைனஸ் 1 டிகிரி, பின் டோ-இன் (சக்கரத்தின் முன்விளிம்பு உள்ளே திரும்பும் அளவு) 3 டிகிரி இருந்தால் இப்போதைக்கு அதைத் தொட வேண்டாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஐந்தாறு சுற்று ஓட்டிப் பாருங்கள். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது உதவியது என்றே தெரியாது.

கேள்வி: கார்பெட்டில் ஓட்டியதும் மோட்டார் கை வைக்க முடியாதபடி சுடுகிறதே?
– சிவாஜிநகர் வாசகர், பெங்களூரு

பதில்: பிடிப்பு கூடினால் மோட்டார் சுமையும் கூடும். ஆனால் முதலில் சக்கரங்களைக் கழற்றிப் பாருங்கள். கார்பெட் நூல் ஆக்சிலுக்கும் பேரிங்குக்கும் நடுவே சுற்றி இறுகி, பிரேக் பிடித்தது போல இழுக்கும். ட்வீசரால் உருவி எடுங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் இதைச் செய்வது நல்லது.

ஐந்து நிமிட ஓட்டத்துக்குப் பின் மோட்டார் 70 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பினியனில் (மோட்டாரில் மாட்டும் சிறு பல்சக்கரம்) ஒரு பல் குறைவானதை மாட்டுங்கள். உச்ச வேகம் சற்றுக் குறையும். சிறிய உள்ளரங்கத் தடத்தில் அது ஒரு இழப்பே இல்லை. பினியனை மாட்டும்போது பெரிய பல்சக்கரத்துக்கும் அதற்கும் நடுவே மெல்லிய காகிதத் துண்டை வைத்து நெருக்கி, மோட்டார் ஸ்குரூவை முடுக்கிய பின் பல்சக்கரத்தைச் சுழற்றிக் காகிதத்தை வெளியே எடுங்கள். மிக நெருக்கமாக இருந்தாலும் மோட்டார் சுடும்.

கேள்வி: ஞாயிறுதோறும்தான் ஓட்டுகிறேன். லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியை முழு சார்ஜிலேயே வைத்திருக்கலாமா?
– ஜாலஹள்ளி வாசகர், பெங்களூரு

பதில்: கூடாது. செல் ஒன்றுக்கு 3.8 வோல்ட் அளவில் வையுங்கள்; சார்ஜரில் ஸ்டோரேஜ் முறை இருந்தால் அதுவே பார்த்துக்கொள்ளும். உப்பிய பேட்டரியை மறுபடி சார்ஜில் போடவே போடாதீர்கள்.