சரிவுக் காணியில் 7 பேர்ச்சஸ் எப்படி 8 ஆகிறது?

உங்கள் காணி சரிவில் 58 அடி நீளம், 38 அடி அகலம். கணக்குப் பார்த்தால் 8 பேர்ச்சஸுக்கு மேல் வருகிறது, வரைபடத்திலோ 7தான், நில அளவையாளர் ஏமாற்றிவிட்டாரா என்று கேட்டிருக்கிறீர்கள். அவரைத் திட்டுவதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள்.

நாம் நீளம் என்றால் நிலத்தோடு நாடாவை விரித்துப் பார்ப்பதையே நினைக்கிறோம். அளவையில் நீளம் என்பது கிடைத்தூரம், அதாவது சரிவைச் சேர்க்காமல் மட்டமாகப் பார்க்கும் தூரம். வரைபடத்தின் பரப்பும் அந்தக் கிடைமட்டப் பரப்புத்தான். ஒரு பேர்ச்சஸ் 272.25 சதுர அடி. ஏழுக்கு ஏறத்தாழ 1906. உங்கள் வரைபட நீளமான 50 அடியை 38ஆல் பெருக்கினால் 1900. கணக்கு ஒத்துப்போகிறதே!

நேரில் சோதிக்க வேண்டுமா? மேட்டு முனையில் நாடாவின் நுனியைத் தரையில் பிடியுங்கள். இன்னொருவர் பள்ளத்துப் பக்கம் பத்தடி தள்ளி நாடாவை மட்டமாக, இறுக்கமாகப் பிடித்துத் தூக்குக்குண்டை இறக்கட்டும். குண்டு தொட்ட இடத்திலிருந்து அடுத்த பத்தடி. மட்டம் பார்க்க, மேசன்மார் வைத்திருக்கும் தண்ணீர்க்குழாய் போதும். கண்மட்டத்தை மட்டும் நம்பாதீர்கள். நம் மலைச்சரிவில் கண் நன்றாகவே ஏமாற்றும். இப்படி ஐந்து பத்தடியில், அதாவது 50 அடியில், எல்லைக்கல் வந்துவிட்டால் அளவையாளர் சரி. மேட்டுக்கும் பள்ளத்துக்கும் சுமார் 29 அடி உயர வித்தியாசமும் இருக்க வேண்டும். அப்படி வராவிட்டால் மறு அளவை கேளுங்கள்.

வேலிக்கம்பி வாங்கும்போது மட்டும் 58 அடிக் கணக்கிலேயே வாங்குங்கள்.