லீ என்ஃபீல்டு கேள்வி பதில்: பேரலைத் திட்டும் முன் மரத்தைப் பாருங்கள்

இந்த முறை வந்த கேள்விகள் எல்லாமே இரண்டாம் உலகப் போர்க்கால பிரிட்டிஷ் துப்பாக்கிகளைப் பற்றியவை. பெரும்பாலும் லீ என்ஃபீல்டு ரைபிளின் நம்பர் 4 வகை, ஒன்றிரண்டு நம்பர் 1 மார்க் 3. உரிமம் வைத்திருந்து, ரேஞ்சில் காகித இலக்கைச் சுடுபவர்களை மனதில் வைத்தே பதில் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: முதல் நம்பர் 4 வாங்கப் போகிறேன். ஃபஸாகர்லி, மால்ட்பி, பி.எஸ்.ஏ., சாவேஜ், லாங் பிராஞ்ச் என்று விற்பவர் அடுக்குகிறார். எதை எடுப்பது சார்?

தொழிற்சாலைப் பெயர் விலையை ஏற்றும், குறியைத் திருத்தாது. அடையாளத்துக்கு மட்டும் சொல்கிறேன்: 'எம் 47 சி' என்றால் பி.எஸ்.ஏ.யின் ஷர்லி ஆலை. 'யு.எஸ். பிராப்பர்ட்டி' என்று அடித்திருந்தால் அமெரிக்காவின் சாவேஜ். லாங் பிராஞ்ச் கனடாவில், டொராண்டோவை ஒட்டியது.

கையில் வாங்கியதும் முதலில் வரிசை எண்ணைப் பாருங்கள். ரிசீவரில் (போல்ட் ஓடும் இரும்புக் கூடு) இருப்பதும், தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட்டின் கைப்பிடியின் பின்புறம் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். அடுத்து குழலின் வாய். துடைப்புக் கயிறு ஒரே பக்கமாக உராய்ந்து வாய் நீள்வட்டமாகியிருந்தால் குறி சிதறும். உள்ளே வெளிச்சம் விட்டுப் பார்க்கும்போது குறுக்கே கருவளையம் தெரிந்தால் அங்கே குழல் உப்பியிருக்கிறது, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மார்க் 1 ஸ்டார் வகையில் இன்னொரு இடமும் உண்டு. போல்ட்டைக் கழற்ற, போல்ட் தலை (போல்ட்டின் முன்முனையில் திருகியிருக்கும் துண்டு) ஓடும் தண்டவாளத்தில் ஒரு வெட்டு இருக்கும். அதன் விளிம்பு சில்லு பெயர்ந்திருந்தால், வேகமாக இழுக்கும்போது போல்ட் தலை தடம் விட்டு எகிறும்.

'டி.பி.' என்று முத்திரை இருந்தால் அது பயிற்சி அணிவகுப்புக்கு ஒதுக்கப்பட்டது, சுடுவதற்கு அல்ல. குழலுக்குள் குண்டைச் சுழற்றும் பள்ளங்கள் 5க்குப் பதில் 2தான் இருக்கிறதே என்று மட்டும் பயப்படாதீர்கள். அது போர்க்கால உற்பத்திச் சிக்கனம், நன்றாகவே சுடும். பிரிட்டனில் வாங்குபவர்கள் லண்டன் அல்லது பர்மிங்ஹாம் புரூஃப் ஹவுஸ் (துப்பாக்கியைச் சோதித்துச் சான்று தரும் இடம்) முத்திரையைப் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: முதல் 4, 5 தோட்டா ஒரே இடத்தில் விழுகிறது. குழல் சூடானதும் மேலே ஏறிக்கொண்டே போகிறது. பேரல் தேய்ந்துவிட்டதா அண்ணா?

தேய்ந்த பேரல் ஆரம்பத்திலிருந்தே சிதறடிக்கும். சூடேறியதும் நகர்கிறது என்றால் குழல் எங்கோ மரத்தை முட்டுகிறது, அல்லது குழலுக்கு அடியில் இருக்கும் மரமான முன்கட்டை ரிசீவரில் இறுகி உட்காரவில்லை.

நம்பர் 4இல் குழல் இரண்டு இடத்தில்தான் மரத்தைத் தொட வேண்டும். ஒன்று, ரிசீவருக்கு முன்னால் உள்ள தடித்த பகுதி. இன்னொன்று, முன்கட்டையின் நுனி. நுனியில் மரம் குழலை மேல்நோக்கி 2 முதல் 7 பவுண்டு விசையில் தாங்கி நிற்கும். நடுவில் எதுவும் தொடக் கூடாது. மேல்மரத்தைக் கழற்றிவிட்டு, குழல் வாயை இரண்டு விரலால் தூக்கிப் பாருங்கள். கொஞ்சம் எதிர்த்து எழும்பி, விட்டதும் அதே நடு இடத்தில் வந்து உட்கார்ந்தால் சரி. எதிர்ப்பே இல்லாமல் ஆடினால் மரம் வளைந்து தாழ்ந்துவிட்டது. பக்கவாட்டில் போய் உட்கார்ந்தால் ஒரு புறம் முட்டுகிறது. கருப்பு மை அல்லது விளக்குக் கரியைக் குழலின் அடியில் பூசி, மாட்டிக் கழற்றினால் முட்டும் இடம் கறையாகத் தெரியும். அந்தக் கறையை மட்டும் சுரண்டுங்கள்.

பின்பக்கம்தான் முக்கியம். உதைப்பின் விசை முழுவதையும் வாங்குவது, முன்கட்டையின் பின்முனைக்குள் ரிசீவர் சாய்வாக அமரும் இரண்டு சிறிய மரப்பரப்புகள். ஆங்கிலத்தில் 'டிராஸ்' என்பார்கள். திருகுகளைக் கழற்றியதும் முன்கட்டை தானாகக் கையோடு வந்துவிட்டால் அவை தளர்ந்துவிட்டன. நல்ல மரம் பிடிவாதமாக இருக்கும், நேராகக் கீழே இழுத்தால்தான் வரும். முன்னும் பின்னும் ஆட்டி எடுத்தால் இருப்பதும் கெடும். பழுதுபார்க்க, நசுங்கிய மரத்தைச் சதுரமாக வெட்டி எடுத்துவிட்டு வால்நட், மேப்பிள் மாதிரி கடினமான மரத்துண்டை எபாக்ஸியால் ஒட்டுங்கள். துண்டைச் சற்றுப் பெரிதாகவே வைத்து, மை பூசிப் பூசிச் சீவி இறக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் தாங்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தாங்கினால் நாளைக்கு அங்கேதான் மரம் பிளக்கும். எபாக்ஸியையே குழைத்து அப்பி நிரப்பும் வழக்கமும் உண்டு. சுடும், ஆனால் அந்தத் துப்பாக்கியை அடுத்தவர் திருத்தவே முடியாது.

இன்னொன்று: ட்ரிகர் காவலின் முன்திருகை இறுக்கி முடித்த பிறகும் முன்கட்டை ஆடுகிறதா? மரம் சுருங்கியிருக்கிறது, உள்ளே இருக்கும் உலோக வளையம் இரும்போடு இரும்பைத்தான் இறுக்குகிறது. வளையத்தின் நீளத்தை மிகக் கொஞ்சமாக அரத்தால் குறைத்தால் மரம் பிடிபடும்.

கேள்வி: என்னுடையது நம்பர் 1 மார்க் 3. பின்கட்டை ஆடுகிறது. நீளத் திருப்புளி விட்டு, பின்கட்டையைப் பிடித்திருக்கும் திருகு போல்ட்டை இறுக்கலாமா?

முன்கட்டையைக் கழற்றாமல் அந்த போல்ட்டைத் தொடாதீர்கள். அதன் சதுர முனை முன்கட்டைக்குள் இருக்கும் தகட்டில் மாட்டியிருக்கும். திருகினால் முன்கட்டையின் பின்முனை பிளந்துவிடும். சந்தையில் வரும் பிளந்த முன்கட்டைகளில் பல இப்படிப் பிளந்தவைதான்.

கேள்வி: ஹெட்ஸ்பேஸ் (போல்ட் முகத்துக்கும் உறையின் விளிம்பு நிற்கும் இடத்துக்குமான இடைவெளி) கேஜ் வைத்துப் பார்த்தேன். 0.074 அங்குலக் கேஜிலும் போல்ட் மூடுகிறது. போல்ட் தலையில் 1 என்று இருக்கிறது. 3 வாங்கிப் போட்டால் போதுமா?

முதலில் அளந்தது சரியா என்று பாருங்கள். ஸ்ட்ரைக்கரையும் (தோட்டாவின் அடியைக் குத்தும் ஊசி) எக்ஸ்ட்ராக்டரையும் (உறையை இழுக்கும் கொக்கி) கழற்றிவிட்டு, சேம்பரையும் (தோட்டா அமரும் அறை) போல்ட் முகத்தையும் துடைத்துவிட்டு, ஒரே விரலின் எடையில் மூடிப் பார்க்க வேண்டும். 0.064இல் மூட வேண்டும், 0.074இல் மூடவே கூடாது. அழுத்தி மூடினால் கேஜ்தான் பாழாகும்.

தலைகள் 0 முதல் 3 வரை. ஒவ்வொரு எண்ணுக்கும் சுமார் 0.003 அங்குலம் கூடும். ஆனால் பழைய தலைகள் தேய்ந்திருக்கும், எண்ணை நம்பாமல் மைக்ரோமீட்டரில் அளந்து வாங்குங்கள். நேராக 3க்குத் தாவ வேண்டாம், 2 போதுமானதாக இருக்கலாம். புதுத் தலையைத் திருகி முடித்ததும் அது போல்ட் உடலோடு ஏறக்குறைய நேராக வர வேண்டும். நேர்க்கோட்டைத் தாண்டி சுமார் 20 பாகைக்கு மேல் சுற்றினால் அந்தத் தலை கூடாது. ஸ்ட்ரைக்கர் முனை 0.040 முதல் 0.050 அங்குலம் வெளியே நீட்டுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். 3 போட்டும் தேறவில்லை என்றால் ரிசீவரோ போல்ட் தாங்குமிடமோ தேய்ந்திருக்கிறது, துப்பாக்கிக் கொல்லரிடம் கொண்டு போங்கள். வேறு போல்ட் வாங்கி மாட்டுவது வழியல்ல. போல்ட்டின் இரண்டு தாங்குமுனைகளும் அந்த ரிசீவருக்கென்று பொருத்தப்பட்டவை.

கேள்வி: ஹெட்ஸ்பேஸ் சரியாக இருக்கிறது. ஆனாலும் மறுபடி மருந்து நிரப்பிய தோட்டா உறைகள் மூன்றாவது நான்காவது முறை அடிக்கு மேலே வெட்டிக்கொள்கின்றன. ஏன்?

இந்த ரைபிள்கள் சுடும் 303 தோட்டாவின் உறை அடி விளிம்பில்தான் நிற்கிறது, கழுத்துக்குக் கீழே சரியும் தோளில் அல்ல. போர்க்களச் சேற்றோடும் தோட்டா உள்ளே போக வேண்டும் என்று சேம்பரைத் தாராளமாகக் கடைந்திருப்பார்கள். முதல் சூட்டில் உறை முன்னால் நீண்டு சேம்பரை நிரப்புகிறது. நீங்கள் முழுநீள டையில் (உறையை அழுத்தி வடிவம் திருத்தும் அச்சு) போட்டுத் தோளை மறுபடி பின்னுக்குத் தள்ளுகிறீர்கள், அடுத்த சூட்டில் மறுபடி நீள்கிறது. கம்பியை வளைப்பது போலத்தான், அடிக்கு மேலே மெலிந்து அறும்.

கழுத்தை மட்டும் சீர்செய்யுங்கள். ஒரு துப்பாக்கியின் உறையை இன்னொன்றில் போடாதீர்கள். புது உறையை முதல் முறை சுடும்போது விளிம்புக்கு முன்னால் மெல்லிய ரப்பர் வளையம் மாட்டினால், அது உறையைப் போல்ட் முகத்தோடு பிடித்துவைக்கும், நீட்சி தோள் பக்கம் போகும். நுனி வளைத்த கம்பியை உள்ளே விட்டு அடிப்பக்கச் சுவரை வருடிப் பாருங்கள். பள்ளம் தட்டினால் அந்த உறை குப்பைக்கு. சேம்பரில் எண்ணெய் இருக்கவே கூடாது. எண்ணெய்ப் பசை இருந்தால் உறை சுவரைப் பிடிக்காமல் முழு உந்தலும் போல்ட்டின் மேல் விழும்.

கேள்வி: 1940களின் ராணுவத் தோட்டா கிடைத்தது. சுட்டுவிட்டு நல்ல எண்ணெய் போட்டுத்தான் வைத்தேன். ஒரே வாரத்தில் குழலில் துரு!

அந்தக் காலத்து ப்ரைமரில் (தோட்டாவின் அடியில் முதலில் தீப்பற்றும் மருந்து) பொட்டாசியம் குளோரேட் உண்டு. எரிந்ததும் பொட்டாசியம் குளோரைடாக, அதாவது ஒருவகை உப்பாகப் படியும். உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். நீங்கள் உப்புக்கு மேலே எண்ணெய் பூசி மூடிவைத்திருக்கிறீர்கள். சுட்ட அன்றே, குழாய் வைத்த புனலைச் சேம்பரில் பொருத்தி ஒன்றிரண்டு லிட்டர் கொதிநீரை ஊற்றுங்கள், மரத்தில் படாமல். குழல் சூடேறித் தானே உலரும். துணி விட்டுத் துடைத்து, பிறகு எண்ணெய். போல்ட் முகத்தையும் மறக்காதீர்கள். இத்தனை பழைய தோட்டாவில் இன்னொரு எச்சரிக்கை: விசை இழுத்தும் வெடிக்காவிட்டால் குறைந்தது 30 விநாடி இலக்கை நோக்கியே வைத்திருங்கள். தாமதமாக வெடிப்பது உண்டு.

கேள்வி: யாரோ பளபளவென்று வார்னிஷ் அடித்த மரம். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாமா?

வேண்டாம். ஆய்வாளர் முத்திரைகள் மரத்தில்தான் இருக்கின்றன, ஒரு முறை தேய்த்தால் போயே போச்சு. பெயின்ட் நீக்கும் பசை பூசி வழித்தெடுங்கள். பள்ளங்களுக்கு ஈரத்துணி வைத்து இஸ்திரிப் பெட்டியால் ஆவி பிடித்தால் மரம் உப்பி வரும். பிறகு காய்ச்சாத ஆளிவிதை எண்ணெய், மெல்லிய பூச்சாக, உள்ளங்கையால் சூடு பறக்கத் தேய்த்து, நாளுக்கு ஒன்றாக ஒரு வாரம். எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானே தீப்பற்றும். விரித்துக் காயவிடுங்கள்.

கேள்வி: 300 கஜத் துளையில் பார்த்து 100 கஜத்தில் சுட்டால் 6 அங்குலம் மேலே படுகிறது. முன்குறியை அரத்தால் தேய்க்கட்டுமா?

தேய்த்தால் இன்னும் மேலே போகும்! மேலே பட்டால் உயரமான முன்குறி வேண்டும். ஆனால் 300க்கு வைத்த துளையில் 100 கஜத்தில் சில அங்குலம் உயர்ந்து படுவது இயல்பு, முதலில் 300இல் சுட்டுப் பாருங்கள். அங்கும் ஏறினால் மாற்றலாம். முன்குறிகள் 0.015 அங்குலப் படிகளில் கிடைக்கும். இரண்டு குறிகளுக்கும் இடையே சுமார் 28.7 அங்குலம் இருப்பதால், ஒரு படி 100 கஜத்தில் ஏறக்குறைய 2 அங்குலம், 300இல் 6 அங்குலம்.

கேள்வி: நம்பர் 4 மார்க் 1இன் ட்ரிகரில் இரண்டு கட்டம் இருக்க வேண்டுமாமே, எனக்கு ஒரே இழுப்புதான். கல்லில் தீட்டலாமா?

மார்க் 1இல் ட்ரிகர் அதன் காவலில் தொங்குகிறது, காவல் மரத்தில் உட்கார்கிறது. மரம் சுருங்கினால் இழுப்பு மாறும். 1949இல் வந்த மார்க் 2இல் ட்ரிகரை ரிசீவரிலேயே மாட்டியதற்குக் காரணம் அதுதான். முன்திருகையும் வளையத்தையும் சரிசெய்த பிறகு அளந்து பாருங்கள்: முதல் கட்டம் 3 முதல் 4 பவுண்டு, இரண்டாவது 5 முதல் 6½ பவுண்டு. தீட்டினால் மேலே இருக்கும் கடினத் தோல் போய்விடும், பிறகு துப்பாக்கியைத் தட்டினாலே சுட்டுவிடும்.

கேள்வி: செயலிழக்கச் செய்த ஸ்டென் இயந்திரத் துப்பாக்கி ஒன்று மலிவாக வருகிறது. மறுபடி சுடவைக்க முடியுமா?

அது பிரிட்டனில் சிறைக்குப் போகும் வேலை. இங்கே பதில் இல்லை.

கேள்வி: சென்னையில் இருக்கிறேன் சார். காவல்துறையில் 'த்ரீ நாட் த்ரீ' என்பார்களே, அதை ரேஞ்சுக்காக நாம் வாங்கலாமா?

இந்தியாவில் 303 தடைசெய்யப்பட்ட விட்டம், சாதாரண உரிமத்தில் வராது. ரேஞ்சில் 0.22 மாதிரி தடையில்லாத விட்டத்தோடு நிற்க வேண்டியதுதான். வெளிநாட்டில், இந்தியாவின் இஷாப்பூர் ஆலை ரைபிள் வாங்குபவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: 2ஏ1 என்பது 1960களில் 7.62 மி.மீ. தோட்டாவுக்கென்றே மேம்பட்ட எஃகில் செய்தது, போர்க்காலத்தது அல்ல. அது தாங்குகிறதே என்று போர்க்கால நம்பர் 1ஐ 7.62க்குக் கடையக் கூடாது.

கேள்வி: மேகசினில் தோட்டா அடிக்கடி சிக்குகிறது. ஸ்பிரிங் மாற்றலாமா?

பெரும்பாலும் ஸ்பிரிங் இல்லை. மேலே இருக்கும் தோட்டாவின் விளிம்பு, கீழே இருப்பதன் விளிம்புக்குப் பின்னால் போய்விட்டால் போல்ட் இரண்டையும் சேர்த்துத் தள்ளும். ஒவ்வொன்றாக நிரப்பும்போது மேலே வரும் விளிம்பு முன்னால் இருக்கும்படி வையுங்கள். அப்படியும் சிக்கினால், சரியாக ஓடும் வேறு மேகசின் ஒன்றை இரவல் வாங்கி மாட்டிப் பாருங்கள். அதில் ஓடினால் உங்களுடையதன் மேல் உதடுகள் வளைந்திருக்கின்றன, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நிமிர்த்த வேண்டும்.