கணினிக் கேள்வி–பதில்: வாழைப்பழத்தில் எத்தனை எழுத்து?

கேள்வி: பேரனின் கைபேசியில் உள்ள செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம், 'வாழைப்பழம்' என்னும் சொல்லில் எத்தனை எழுத்துகள் என்று கேட்டேன். முதலில் ஐந்து என்றது. தவறு என்றதும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு எட்டு என்றது. வெண்பா இலக்கணத்தை இரண்டு பக்கத்துக்கு விளக்கும் ஒன்றுக்கு எழுத்தை எண்ணத் தெரியாதா?
– ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்

பதில்: வா, ழை, ப், ப, ழ, ம் என ஆறு எழுத்து என்பதை ஐயா அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவீர்கள். ஆனால் அந்தச் சொல் உங்கள் விரலிலிருந்து புறப்பட்டு இயந்திரத்தைச் சென்றடைவதற்குள் இரண்டு முறை உருமாறிவிடுகிறது.

முதல் மாற்றம், எழுத்துகளைக் கணினியில் எண்களாகப் பதியும் யூனிகோட் குறியேற்றத்தில் நேர்கிறது. அம்முறையில் அகரம் ஏறியவை தவிர மற்ற உயிர்மெய் எழுத்துகளுக்குத் தனித்தனி எண் கிடையாது. 'வா' என்பது வகரம், கால் என்னும் இரண்டு குறிகளாகப் பதிவாகிறது. நம் இலக்கணத்தில் மெய்யோடு அகரம் சேர்ந்து 'ப' பிறக்கிறது. யூனிகோடிலோ அகரம் ஏறிய 'ப'தான் முதற்பொருள், அதன் தலையில் புள்ளி வைத்தால்தான் 'ப்' கிடைக்கும். இலக்கணம் கற்றவர்களுக்கு இது தலைகீழ்ப் பாடமாகத்தான் தோன்றும். இப்படிப் பிரித்தால் வாழைப்பழத்தில் இருப்பவை பத்துக் குறிகள். பைத்தான் நிரல்மொழியில் இச்சொல்லின் நீளத்தைக் கேட்டால் 10 என்றே விடை வரும். யுடிஎஃப்-8 முறையில் சேமிக்கும்போது ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட்டுகள் தேவைப்படுவதால், மொத்தம் 30 பைட்டுகள் ஆகின்றன.

உங்கள் கேள்விக்கான விடை இரண்டாவது மாற்றத்தில் இருக்கிறது. இத்தகைய செயலிகளை இயக்கும் மொழி மாதிரிகள் எழுத்தையும் பார்ப்பதில்லை, பைட்டையும் பெரும்பாலும் நேராகப் பார்ப்பதில்லை. உரையை டோக்கன் எனப்படும் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் உரிய எண்ணை மட்டுமே உள்வாங்குகின்றன. எங்கே நறுக்குவது என்பதை இலக்கணம் தீர்மானிப்பதில்லை. ஏராளமான உரையில் எந்தெந்தப் பைட்டுகள் அடிக்கடி அடுத்தடுத்து வருகின்றன என்று எண்ணி, அவற்றை ஒட்டி ஒட்டிப் பெரிதாக்கும் உத்தி ஒன்று பரவலாகக் கையாளப்படுகிறது. பிலிப் கேஜ் என்பவர் 1994-இல் கோப்புகளைச் சுருக்குவதற்காக வெளியிட்ட உத்தி அது. 2016-இல் இயந்திர மொழிபெயர்ப்புக்கு எடுத்தாளப்பட்டு, பின்னர் இன்றைய மாதிரிகள் பலவற்றுக்கும் வந்து சேர்ந்தது. ஆகவே 'வாழைப்பழம்' அதன் முன் வந்து நிற்பது சில எண்களாகத்தான். ஒவ்வோர் எண்ணுக்குள்ளும் எத்தனை எழுத்து அடங்கியிருக்கிறது என்பது அதற்குக் கண்கூடாகத் தெரிவதில்லை. அது எண்ணாமல், படித்தவற்றைக் கொண்டு உத்தேசமாகச் சொல்கிறது. 'ஸ்ட்ராபெரி' என்னும் ஆங்கிலச் சொல்லில் எத்தனை 'ஆர்' என்ற கேள்விக்கு இவை தடுமாறி உலகமே சிரித்ததற்கும் இதுவே காரணம். அது கேட்ட மன்னிப்பும் அத்தகையதுதான்: 'தவறு' என்ற சொல்லுக்குப் பின்னால் எது வருவது வழக்கமோ அது வந்தது.

ஒரு வழி சொல்கிறேன். எழுத்துகளை வரிக்கு ஒன்றாகப் பிரித்து எழுதிவிட்டுப் பிறகு எண்ணும்படி கேளுங்கள். பெரும்பாலும் சரியாக வரும். நிரல் எழுதி எண்ணச் சொன்னால், புள்ளியையும் துணையெழுத்துகளையும் விட்டுவிட்டு எண்ணுமாறு சேர்த்துச் சொல்ல வேண்டும், இல்லையேல் பத்து என்று அடித்துச் சொல்லும். அப்போதும் 'க்ஷ' வந்தால் இரண்டாகவே எண்ணும். அதை ஓர் எழுத்தாகக் கொள்வதா என்ற வழக்கை உங்களிடமே விட்டுவிடுகிறேன்.

கேள்வி: வாடிக்கையாளர்களின் ஐயங்களுக்குத் தமிழில் விடையளிக்கும் செயலி ஒன்றை நடத்துகிறோம். அதே அளவு ஆங்கில உரையாடலைவிடத் தமிழ் உரையாடலுக்குக் கட்டணம் கூடுதலாக வருகிறது. தமிழுக்கென்று தனி வரியா?
– சிறு மென்பொருள் நிறுவன உரிமையாளர், கோயம்புத்தூர்

பதில்: வரி என்று யாரும் விதிக்கவில்லை, ஆனால் பில்லில் வந்து நிற்பது அதேதான். கட்டணம் டோக்கன் கணக்கில் வசூலிக்கப்படுகிறது. மேலே சொன்ன ஒட்டுவேலை ஆங்கிலம் மிகுந்த உரையில் நடந்திருந்தால், ஆங்கிலச் சொல் முழுதாக ஒரு துண்டாகிவிடும், தமிழ்ச் சொல் பொடிப்பொடியாகச் சிதறும். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனம் 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ மாதிரியை அறிமுகப்படுத்தியபோது தானே வெளியிட்ட ஒப்பீடு இதற்குச் சான்று. ஒரே செய்தியைப் பழைய முறையில் தமிழில் சொல்ல 116 டோக்கன்கள் ஆயின. ஆங்கிலத்துக்கு 27 போதுமானதாக இருந்தது. டோக்கன் பட்டியலை ஏறத்தாழ ஒரு லட்சத்திலிருந்து இரண்டு லட்சமாகப் பெருக்கிய பிறகு, தமிழ் 35-க்கும் ஆங்கிலம் 24-க்கும் இறங்கின. நான்கு மடங்குக்கு மேல் இருந்த இடைவெளி ஒன்றரை மடங்காகச் சுருங்கியது பெரிய ஆறுதல்தான். ஆனால் எல்லா நிறுவனங்களின் மாதிரிகளும் ஒரே அளவில் திருந்திவிடவில்லை. ஆகவே ஒப்பந்தம் போடுவதற்கு முன், உங்கள் வாடிக்கையாளர்கள் உண்மையில் அனுப்பிய நூறு கேள்விகளை ஒவ்வொன்றிலும் செலுத்தி டோக்கன் எண்ணிக்கையைப் பார்த்துவிடுங்கள்.

செலவைக் குறைப்பதற்காகக் கேள்வியை ஆங்கிலமாக்கி அனுப்பி, விடையைத் தமிழாக்கித் தருபவர்கள் உண்டு. நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். 'ஐயா, பணம் கட்டி நாலு நாள் ஆச்சு, கொஞ்சம் பாருங்க' என்று ஒருவர் எழுதியதற்கு, 'உன் கட்டணம் கிடைத்துவிட்டது, நீ காத்திரு' என்று விடை போனதை என் கண்ணாலேயே பார்த்தேன். ஆங்கிலத்தில் நீயும் நீங்களும் ஒன்றாகிவிடுவதால், திரும்பி வரும் வழியில் மரியாதை தொலைந்துவிட்டிருந்தது. மாறாக, செயலிக்கு நீங்கள் தரும் நிலையான அறிவுறுத்தல்களை மட்டும் ஆங்கிலத்தில் வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு முறையும் மாறாமல் செல்லும் அந்தப் பகுதிக்குக் குறைந்த கட்டணம் வாங்கும் ஏற்பாடு இப்போது பல நிறுவனங்களிடம் இருக்கிறது.

கேள்வி: செயற்கை நுண்ணறிவு என்று எழுதுவதா, ஏஐ என்று எழுதுவதா?
– கல்லூரி மாணவர், புதுச்சேரி

பதில்: எழுத்தில் முன்னது நிலைபெற்றுவிட்டது, பேச்சில் பின்னது. இரண்டும் இருந்துவிட்டுப் போகட்டும். எனக்கு உறுத்துவது வேறொரு சொல். இல்லாத ஒன்றை இருப்பதாக இம்மாதிரிகள் சொல்வதை 'மாயத்தோற்றம்' என்று மொழிபெயர்க்கிறார்கள். தோற்றம் தெரிவதற்கு அதற்குக் கண் எங்கே இருக்கிறது? நம்மிடம் 'இட்டுக்கட்டுதல்' என்று பொருத்தமான சொல் இருக்கிறது.

கேள்வி: செயலி தரும் மேற்கோள்களை அப்படியே ஆய்வேட்டில் சேர்க்கலாமா? எழுத்தாளர் பெயர், பக்க எண் எல்லாம் கொடுக்கிறதே?
– முனைவர் பட்ட ஆய்வாளர், திருச்சிராப்பள்ளி

பதில்: பக்க எண் வரை கொடுப்பதுதான் ஆபத்து. இட்டுக்கட்டிய மேற்கோளும் உண்மையான மேற்கோளின் சாயலிலேயே வரும். 2023-இல் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றத்தில், ஏவியாங்கா விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், சாட்ஜிபிடி தந்த தீர்ப்புகளை வழக்கறிஞர்கள் சரிபாராமல் மனுவில் சேர்த்தார்கள். அத்தீர்ப்புகளில் பல உலகில் எங்கும் வழங்கப்படாதவை. 5,000 டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. மென்பொருளிலும் இதே கதை நடக்கிறது. இல்லாத நிரல்தொகுப்பு ஒன்றின் பெயரைச் செயலி சொல்கிறது. அதே பெயரில் தீய நிரலை யாரேனும் முன்கூட்டியே பதிவேற்றி வைத்திருந்தால், அதை நிறுவுபவரின் கணினி பதிவேற்றியவர் வசமாகிவிடும். நூலை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்காமல் ஒரு மேற்கோளையும் சேர்க்காதீர்கள்.

கேள்வி: மகள் கணினிப் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். இனி நிரல் எழுத ஆளே வேண்டாம், கல்விக் கடன் வாங்கியது வீண் என்று உறவினர்கள் பேசுகிறார்கள். உண்மையா?
– ஒரு தாய், திருநெல்வேலி

பதில்: அம்மா, உறவினர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது, அதை மறைத்து உங்களுக்கு ஆறுதல் சொல்ல விரும்பவில்லை. 2021 ஜூனில் நிரல் எழுத உதவும் கிட்ஹப் கோபைலட் முன்னோட்டமாக வெளிவந்தபோது, அடுத்த சில வரிகளை ஊகித்துக் கொடுப்பதே வியப்பாக இருந்தது. 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வந்தது. 2025 பிப்ரவரியில் செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர் ஆந்திரே கர்பாத்தி, நிரலைப் படிக்காமலேயே சொல்லிச் சொல்லிச் செயலியை உருவாக்கும் போக்குக்கு 'வைப் கோடிங்' என்று பெயர் வைத்தார். இன்றைய கருவிகள் கோப்புகளைத் தாமே திறந்து திருத்தி, சோதனைகளை ஓட்டி, பிழை வந்தால் மறுபடியும் முயல்கின்றன. படிவம் அமைப்பது, சிறு பிழை களைவது, சோதனை எழுதுவது என்று புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக் கொடுத்துவந்த வேலையைத்தான் இவை முதலில் எடுத்துக்கொள்கின்றன. அந்த வேலையில்தான் நாங்களெல்லாம் தொழில் கற்றோம் என்பதால், முதல் படிக்கட்டு உடைந்திருக்கிறது என்பது என் கவலையும்கூட.

மறுபாதியையும் கேளுங்கள். மீட்டர் என்னும் அமெரிக்க ஆய்வு அமைப்பு 2025 ஜூலையில் வெளியிட்ட ஆய்வில், தாங்கள் பல ஆண்டுகளாகப் பராமரித்துவந்த திறமூல (நிரல் எவருக்கும் திறந்திருக்கும்) மென்பொருள்களில் 16 அனுபவசாலிகள் 246 பணிகளைச் செய்தார்கள். கருவிகளைப் பயன்படுத்த அனுமதித்த பணிகளுக்கு 19 விழுக்காடு கூடுதல் நேரம் பிடித்தது. அவர்களோ, முடித்த பிறகும், 20 விழுக்காடு வேகமாக முடித்ததாக நம்பிக்கொண்டிருந்தார்கள். கருவிகள் அதன் பிறகு தேறியிருக்கின்றன, புதிதாகத் தொடங்கும் வேலையில் அவற்றின் வேகமும் வேறு என்பதால் அந்த 19-ஐ நான் பெரிதாகப் பிடித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் செய்பவருக்கே தன் வேகம் தெரியவில்லை என்பது என்னைத் திடுக்கிட வைத்தது.

சென்ற ஆண்டு ஒரு நேர்காணலில் நான் கேள்வி கேட்கும் இடத்தில் இருந்தேன். இறுதியாண்டு மாணவர் ஒருவர் உணவகத்துக்கான செயலி ஒன்றைக் காட்டினார். பார்வைக்கு அத்தனை அழகு, பெரும்பகுதி கருவி எழுதியது என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். 'கடைசியாக ஒரே ஒரு பிரியாணி இருக்கிறது, இரண்டு பேர் ஒரே நொடியில் பொத்தானை அழுத்தினால் என்ன ஆகும்?' என்று கேட்டேன். நிரலைத் திறந்து பார்த்தோம். இருப்பு எவ்வளவு என்று பார்ப்பது ஒரு படி, ஒன்றைக் கழிப்பது வேறொரு படி. இரண்டுக்கும் நடுவில் இன்னொருவர் நுழைந்துவிடாமல் தடுக்க எதுவும் இல்லை. இருவருக்கும் ஆர்டர் உறுதியாகும், பிரியாணி ஒருவருக்குத்தான் கிடைக்கும். அந்தத் தம்பி நெடுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, 'நடுவில் யாரும் நுழைய முடியாதபடி இரண்டையும் ஒரே பரிவர்த்தனைக்குள் வைக்க வேண்டும்' என்று தானாகவே சொன்னார். அவரைத் தேர்ந்தெடுத்தோம்.

உங்கள் மகள் கருவிகளைத் தாராளமாகப் பயன்படுத்தட்டும். ஆனால் தரவுத்தளம், இயங்குதளம், வலைப்பின்னல் ஆகிய பாடங்களைத் தேர்வுக்கு மட்டும் படித்துவிட்டுத் தள்ளிவிட வேண்டாம். இறுதியாண்டுத் திட்டப்பணியில், எந்த வரியைக் காட்டி 'இதை எடுத்துவிட்டால் என்ன ஆகும்?' என்று கேட்டாலும் சொல்லத் தெரியும் அளவுக்குப் பழகிக்கொள்ளட்டும். கடன் வீணாகிவிட்டது என்று நான் கருதவில்லை. முன்பு போல வளாக நேர்காணலில் கூட்டமாக எடுத்துக்கொள்வார்கள் என்றும் இருந்துவிட வேண்டாம்.

கேள்வி: எங்கள் சங்கத்தின் உறுப்பினர் பட்டியல் கணினியில் இருக்கிறது. 'கௌரி' என்று தேடினால் சிலர் வருகிறார்கள், சிலர் வருவதில்லை. பார்வைக்கு எல்லாம் ஒன்றாகத்தான் தெரிகின்றன. பட்டியலைச் செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்துச் சரிசெய்துவிடலாமா?
– சங்கச் செயலாளர், மதுரை

பதில்: உங்கள் பட்டியலில் இரண்டு வகைக் கௌரிகள் இருக்கிறார்கள். 'கௌ' என்பதற்கு ஔகாரக் குறி ஒன்று தனியாக இருக்கிறது; ஒரு சிலர் அதை உள்ளிடாமல், ஒற்றைக்கொம்பும் ளகரமும் தட்டிக் 'கெள' என்று பதிந்துவிடுகிறார்கள். கண்ணுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்று, கணினிக்கு முற்றிலும் வேறு. தமிழ் எண் ஏழும் எகரமும் ஒன்றுபோலத் தோன்றுவதால் நேரும் குழப்பமும் இதே இனம்தான்.

முழுப் பட்டியலையும் செயலியிடம் கொடுத்துவிடாதீர்கள். உறுப்பினர்களின் முகவரியும் தொலைபேசி எண்ணும் வெளியே போவது ஒரு காரணம். ஆயிரம் பெயர்களைத் திருப்பி எழுதும்போது, கேளாமலேயே நான்கைந்து பெயர்களை அது 'திருத்தி'விடக்கூடும் என்பது இன்னொன்று. திருத்துவதற்கான சிறு நிரலை மட்டும் அதனிடம் எழுதி வாங்கி, உங்கள் கணினியிலேயே ஓட்டுங்கள். அங்கும் ஒரு பள்ளம் இருக்கிறது. 'கொம்பும் ளகரமும் வந்தால் ஔகாரமாக மாற்று' என்று மொட்டையாகச் சொன்னால், தெளிவு, வெளி, வெள்ளி எல்லாம் உருக்குலைந்துவிடும். எனக்கு இது நேர்ந்தது ஒரு மீன் விலைப்பட்டியலில். கெளுத்தி மீன் படிக்கவே முடியாத ஒன்றாகிக் கிடந்தது. ஆகவே, ளகரத்தை அடுத்துப் புள்ளியோ துணையெழுத்தோ இருந்தால் தொடாமல் விடும்படியும், மாற்றிய பெயர்களை மட்டும் பழையதும் புதியதுமாகத் தனிக் கோப்பில் எழுதித் தரும்படியும் கேளுங்கள். அந்தக் கோப்பில் நூறு பெயர்களுக்கு மேல் இராது. ஒரு மாலை நேரத்தில் நீங்களே பார்த்து முடித்துவிடலாம்.