புலியை யாரும் விற்க முடியாது: கானுலா குறித்த வாசகர் கேள்விகள்

கேள்வி: உதகைக்குச் செல்ல இ-பாஸ் எடுத்துத் தர முகவர் ஒருவர் காருக்கு 400 ரூபாய் வாங்கினார். இது சரியான கட்டணமா? (வாசகர், திருப்பூர்)

பதில்: கட்டணமே கிடையாது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் 2024 மே 7 முதல் நடைமுறைக்கு வந்த இ-பாஸை அரசு இணையதளத்தில் நீங்களே இலவசமாகப் பதிவு செய்துகொள்ளலாம்.

கேள்வி: மசினகுடியில் இரண்டு நாள் தங்க 18,000 ரூபாய் கட்டினோம். "வனத்துறை அனுமதியுடன் இரவு சஃபாரி, புலி நிச்சயம்" என்று விளம்பரத்தில் இருந்தது. இரவில் ஜீப்பை வனத்துறையினர் மறித்து, எங்களையும் இறக்கி விசாரித்தார்கள். குழந்தைகள் பயந்து அழுதுவிட்டார்கள். பணம் திரும்பக் கிடைக்குமா? (வாசகி, ஈரோடு)

பதில்: உங்கள் மீது தவறில்லை, அம்மா. இல்லாத அனுமதியை இருப்பதாக எழுதிப் பணம் பெற்றவர்தான் குற்றவாளி. விளம்பரம், வாட்ஸ்அப் உரையாடல், வங்கிப் பதிவு ஆகியவற்றை இன்றே பத்திரப்படுத்துங்கள். பணத்தைத் திருப்பித் தருமாறு எழுத்துமூலம் கேட்டு, பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரளியுங்கள். அதற்கும் அசையாவிட்டால், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் ஈரோட்டிலேயே மாவட்ட ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம். இந்தத் தொகைக்கு மனுக் கட்டணம் இல்லை.

மற்ற வாசகர்களுக்கும் இதைச் சொல்லியாக வேண்டும். முதுமலையில் வனத்துறையின் வாகன உலா காலையிலும் மாலையிலும் மட்டுமே உண்டு. அதை ஒட்டிய பந்திப்பூர் நெடுஞ்சாலையிலேயே விலங்குகளின் நலன் கருதி இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை வாகனப் போக்குவரத்தை நிறுத்திவைத்திருக்கும்போது, விளக்கடித்து விலங்கு தேடும் ஜீப்புக்கு எவர் அனுமதி தருவார்? மசினகுடிப் பகுதியில் உள்ள சீகூர் யானை வழித்தடத்தை 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே உறுதி செய்தது. மறு ஆண்டு ஜனவரியில், மசினகுடி விடுதியொன்றில் எரியும் பொருளை வீசியதால் காயமடைந்த யானை ஒன்று இறந்தது. அந்த மண்ணில் தங்குவோர் விடுதியின் உரிமத்தைக் கேட்டுப் பார்ப்பது கடமை. "புலி நிச்சயம்" என்று சொல்பவர் தன்னிடம் இல்லாத பொருளை விற்கிறார். நாம் வாங்குவது ஓர் இருக்கையும் சிறிது நேரமும்தான். ஒருமுறை புதருக்குள்ளிருந்து கடமான் எச்சரிக்கைக் குரல் கொடுத்ததும் ஓட்டுநர் எஞ்சினை அணைத்தார். பத்து நிமிடம் ஓர் இலைகூட அசையவில்லை. புலி வரவில்லை. அந்தப் பத்து நிமிடத்துக்காக மறுபடியும் சீட்டு வாங்குவேன்.

கேள்வி: ஜூன் மாதத்தில் வேடந்தாங்கல் சென்றோம், பறவைகளே இல்லை. நுழைவுக் கட்டணத்தைத் திரும்பக் கேட்கலாமா? (வாசகர், தாம்பரம்)

பதில்: முடியாது. பறவைகளின் பருவம் பெரும்பாலும் நவம்பர் முதல் மார்ச் வரை.

கேள்வி: பறவை பார்க்க "30×60" என்று அச்சிட்ட பைனாகுலர் 1,200 ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாங்கலாமா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: வாங்காதீர்கள். கண்ணாடியில் செம்பூச்சு மின்னும் அப்படியொன்றை உதகைக் கடையொன்றில் வாங்கி நான் ஏமாந்திருக்கிறேன். அவலாஞ்சிச் சோலையில் கிளை நுனியில் அமர்ந்த ஈப்பிடிப்பான் அதில் இரண்டாகத் தெரிந்தது, நிறமும் மங்கிப்போனது. அரை மணி நேரத்தில் தலைவலி வந்துவிட்டது. முதல் எண் உருப்பெருக்கம், இரண்டாவது எண் முன்கண்ணாடியின் விட்டம் மில்லிமீட்டரில். 8×42 எனில் கண்ணுக்கு வரும் ஒளிவட்டம் (42-ஐ 8-ஆல் வகுத்தால்) 5 மி.மீ.க்குச் சற்று மேல் இருக்கும். 30×60 என்பது உண்மையாகவே இருந்தாலும் அந்த வட்டம் 2 மி.மீ. மட்டுமே, விடியற்காலைக் காட்டில் அது இருட்டு. கையின் நடுக்கமும் முப்பது மடங்காகும். 8×42-ஐயே கேளுங்கள். கடையில் அதைக் கை நீட்டிப் பிடித்து வெளிச்சத்தை நோக்கித் திருப்பினால் கண்வில்லையில் ஒளிவட்டம் தெரியும். அதன் ஓரம் வெட்டுப்பட்டிருந்தால் உள்ளே ஒளியைத் திருப்பும் பட்டகம் (பிரிசம்) மட்டமானது. பிறகு தொலைவிலுள்ள மின்கம்பியைப் பாருங்கள், இரண்டாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: இன்ஸ்டாகிராமில் பார்த்த எண்ணுக்கு ஆறு பேரின் மூணாறு பயணத் தொகை முழுவதையும் அனுப்பினேன். ரசீது இல்லை. பிப்ரவரி இறுதியில் போனால் இரவிகுளம் பூங்கா மூடியிருந்தது. முகவர் இப்போது தொலைபேசியை எடுப்பதில்லை. (வாசகர், மதுரை)

பதில்: பெயர், முகவரி, ரசீது எதையுமே கேட்காமல் முழுத் தொகையையும் அனுப்பியிருக்கிறீர்கள். வரையாடுகள் குட்டி ஈனும் காலம் என்பதால் இரவிகுளம் வழக்கமாக பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மூடப்படுகிறது என்பதை ஒரே அழைப்பில் அறிந்திருக்கலாம். இந்தப் பக்கத்தில் இதைப் பலமுறை எழுதிவிட்டேன். ஆனாலும் அந்த ஆள் தப்பிவிடக் கூடாது. பணப் பரிமாற்ற விவரத்துடன் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ இன்றே அழையுங்கள், தாமதிக்கும் ஒவ்வொரு நாளும் பணம் கைமாறிப் போய்க்கொண்டிருக்கும்.

கேள்வி: வரும் செப்டம்பரில் "நீலக்குறிஞ்சிச் சுற்றுலா" என்று விளம்பரம் செய்கிறார்கள். முன்பதிவு செய்யலாமா? (வாசகி, திருச்சி)

பதில்: பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி மூணாறு மலைகளில் 2006-இலும் 2018-இலும் பூத்தது, அடுத்தது 2030. குறிஞ்சியில் வேறு இனங்களும் உண்டு, அவை மற்ற ஆண்டுகளில் பூக்கலாம். ஆகவே எந்த இனம், எந்த மலை என்று எழுத்தில் கேளுங்கள். சொல்லத் தயங்குபவருக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.